பள்ளியில் இசை: தருக்கம் ஏற்கும் காரணம் எது?

பள்ளிக் கால அட்டவணையில் இசைக்கு ஏன் இடம் தர வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் விடைகள் பல சொல்லப்படுகின்றன என்றாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஓர் அரையாண்டுத் தேர்வைக்கூடத் தாங்குவதில்லை. தேர்வு நெருங்கியதும் கணக்குக்கோ அறிவியலுக்கோ முதலில் கைமாறுவது இசை வகுப்புதான். அதைக் கேட்டு வாங்கும் ஆசிரியருக்கும் குற்றவுணர்வு எழுவதில்லை, விட்டுக்கொடுக்கும் ஆசிரியருக்கும் மறுக்க வாய் வருவதில்லை. நிதிப் பற்றாக்குறையும் ஆசிரியர் பற்றாக்குறையும் இதற்குக் காரணங்கள் என்பது உண்மையே. ஆயினும் அவற்றுக்கும் அடியில் கிடக்கும் குறை, இசை ஏன் கற்பிக்கப்பட வேண்டும் என்பதை எதிர்வாதத்தின் முன் நிலைநிறுத்தக்கூடிய தத்துவ அடித்தளம் இன்னும் உறுதியாக இடப்படவில்லை என்பதாகும். ஒரு பாடத்தின் தத்துவ அடித்தளம் என்பது, அந்தப் பாடம் எதைப் பற்றிய அறிவு, அது யாருக்கு உரியது, எதன் பொருட்டுக் கற்பிக்கப்படுகிறது, எந்த முறையில் கற்பிக்கப்பட வேண்டும் ஆகிய கேள்விகளுக்கு ஒன்றோடொன்று முரண்படாத விடைகளைத் தரும் சிந்தனைத் தொகுப்பு. அது இல்லாத இடத்தில் பாடத்திட்டம் அவரவர் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுகிறது.

சென்னையின் தெற்குப் புறநகரில், விமான நிலையத்தை ஒட்டி அடையாற்றின் அருகே அமைந்துள்ள பொழிச்சலூர் போன்ற ஓர் ஊரில் இந்தக் குறை தெளிவாகப் புலப்படும். 'வட திருநள்ளாறு' என்று வழங்கப்படும் அகத்தீசுவரர் கோயிலுக்குச் சனிக்கிழமைகளில் திரளும் கூட்டம், ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகள், இறுதி ஊர்வலத்தின் பறை, தலைக்கு மேலே தாழ்ந்து செல்லும் விமானங்கள் என ஒலியால் நிறைந்த ஊர் அது. பம்மல், பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் என்று தொடரும் இந்தப் புறநகர் வரிசை முழுவதிலும் பாட்டு வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் குறைவில்லை. ஆனால் அவை மாதக் கட்டணம் செலுத்த இயன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கானவை. மற்றப் பிள்ளைகளுக்கு இசை காதில் விழும் பொருளாக மட்டுமே இருந்துவிடுகிறது. ஒரே தெருவில் வளரும் இரண்டு குழந்தைகளுக்கு இடையே ஏற்படும் இந்த வேறுபாடு இயல்பானதா, நீக்கப்பட வேண்டிய அநீதியா என்பதைத் தீர்மானிப்பதற்கே முதலில் ஒரு தருக்கம் தேவைப்படுகிறது.

அந்தத் தருக்கத்துக்கான கருவியைத் தேடித் தமிழர் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் 29ஆம் காதை, ஒரு கூற்றை எவ்வாறு நிறுவுவது, நிறுவும்போது எங்கெங்கே தவறு நேரும் என்பவற்றை விரிவாகக் கூறுகிறது. நிறுவப்பட வேண்டிய கூற்றுக்குப் பக்கம் என்று பெயர். அதற்குத் தரப்படும் காரணம் ஏது. எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எடுத்துக்காட்டு திட்டாந்தம். மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், புகை தெரிகிறது என்பது ஏது, அடுக்களை திட்டாந்தம். ஏது பிழையற்றதாக இருக்க வேண்டுமானால் அது மூன்று நிபந்தனைகளை நிறைவுசெய்ய வேண்டும்: பேசப்படும் பொருளில் அது உண்மையிலேயே இருக்க வேண்டும், அதே முடிவு பொருந்தும் பிற பொருள்களிலும் காணப்பட வேண்டும், முடிவு பொருந்தாத பொருள்களில் காணப்படக் கூடாது. இவற்றில் தவறுவது ஏதுப்போலி, அதாவது காரணம்போலத் தோற்றமளிக்கும் போலிக் காரணம். அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என அது மூவகைப்படும். வடமொழியின் நியாயப்பிரவேசம் என்னும் பௌத்தத் தருக்க நூலோடு நெருங்கிய ஒற்றுமை கொண்ட இப்பகுதி, காப்பியச் சுவையை நாடிச் செல்லும் வாசகரால் பெரும்பாலும் கடந்து செல்லப்படுகிறது. இசைக்கல்வி பற்றிய இன்றைய விவாதத்துக்கு இதைவிடக் கூர்மையான கருவி கிடைப்பது அரிது.

பள்ளியில் இசை கற்பிக்கப்பட வேண்டும் என்பது பக்கமாக இருக்கட்டும். இன்று அதற்கு மிகுதியாகச் சொல்லப்படும் ஏது, இசை கற்றால் அறிவுத்திறன் வளரும், கணக்கில் மதிப்பெண் கூடும் என்பது. இதன் பரவலான புகழுக்குக் காரணமாக அமைந்தது 1993இல் 'நேச்சர்' ஆய்விதழில் ராஷர், ஷா, கை ஆகியோர் வெளியிட்ட ஒரு சிறு கட்டுரை. அதில் சோதிக்கப்பட்டவர்கள் 36 கல்லூரி மாணவர்கள்; அவர்கள் இசை கற்கவில்லை, மோட்சார்ட் இயற்றிய இரு பியானோக்களுக்கான சொனாட்டாவைப் பத்து நிமிடம் கேட்டார்கள்; அதன்பின் இடவடிவங்களை மனத்தில் மடித்தும் திருப்பியும் பார்க்கும் சோதனையில் அவர்களுடைய மதிப்பெண் உயர்ந்தது; அந்த உயர்வும் பத்து முதல் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கவில்லை. குழந்தைகளைப் பற்றியோ, கற்பித்தலைப் பற்றியோ, கணக்குத் தேர்வைப் பற்றியோ எதுவும் சொல்லாத ஓர் ஆய்விலிருந்து, குழந்தைக்கு மோட்சார்ட் போட்டுக் காட்டினால் அறிவாளியாகும் என்ற வணிக விளம்பரம் உலகெங்கும் பிறந்தது. பின்னர் இதை மீண்டும் சோதித்த ஆய்வாளர் பலர் முரணான முடிவுகளையே கண்டனர். வாதி, பிரதிவாதி இருவரும் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நிறுவப்படாத காரணம் அசித்தம். இந்த ஏது அந்த வகையைச் சேர்ந்தது. இதை நம்பி இசை வகுப்பைத் தொடங்கும் பள்ளி, மறு ஆண்டில் கணக்கு மதிப்பெண் உயராதபோது அந்த வகுப்பை மூடுவதற்கு உரிய காரணத்தையும் தன் கையாலேயே எழுதி வைத்துக்கொள்கிறது.

இரண்டாவது ஏது, இசை ஒழுங்கையும் கூட்டுணர்வையும் நினைவாற்றலையும் வளர்க்கும் என்பது. 1838இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், லோவெல் மேசனின் முயற்சியால், பொதுப்பள்ளிகளில் இசையைப் பாடமாக ஏற்றபோது முன்வைக்கப்பட்ட நியாயங்கள் இந்த வகையைச் சேர்ந்தவையே. இசை அறிவுக்கு நல்லது, ஒழுக்கத்துக்கு நல்லது, உடலுக்கு நல்லது என்று மூன்று தலைப்புகளில் அவை வரிசைப்படுத்தப்பட்டன. இவை பொய் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கூட்டுணர்வு கபடியிலும் கிடைக்கும், ஒழுங்கு சாரணர் பயிற்சியிலும் கிடைக்கும், நினைவாற்றல் திருக்குறள் ஒப்பித்தலிலும் கிடைக்கும். முடிவு பொருந்தும் இடத்திலும் பொருந்தாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் காரணம் எதையும் தீர்மானிக்காது என்பதால் இது அநைகாந்திகம் ஆகிறது. தொன்மையான மரபு என்பதற்காகவே இசையைக் கற்பிக்க வேண்டும் என்ற வாதமும், அதைச் சொல்பவரின் பற்று எவ்வளவு உண்மையானதாக இருந்தாலும், இதே குழியில்தான் விழுகிறது. தொன்மையானவை எல்லாம் பள்ளிக்கு வருவதில்லை, வரவேண்டியதும் இல்லை.

மூன்றாவது வகையே மிகவும் தீங்கானது. பாடச்சுமையால் களைத்த பிள்ளைகளுக்கு இசை ஓய்வு தரும் என்பது அன்போடு சொல்லப்படும் காரணம்தான். ஆனால் ஓய்வு என்று ஏற்றுக்கொண்ட மறுகணமே அது பாடம் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. வேலை கூடும் காலத்தில் ஓய்வைக் குறைப்பதுதான் முறை என்ற முடிவும் தானாகவே வந்து சேர்கிறது. நிறுவ விரும்பியதற்கு நேர் எதிரானதை நிறுவும் காரணத்தை மணிமேகலை விருத்தம் என்கிறது. தேர்வுக் காலத்தில் இசை வகுப்பு பறிபோவதற்கான தருக்கம், அந்த வகுப்பை ஆதரிப்பவர்களின் வாயிலிருந்தே பிறக்கிறது என்பது வருந்தத்தக்க உண்மை.

அப்படியானால் பிழையற்ற ஏது எது? மொழியும் கணக்கும் ஏன் கற்பிக்கப்படுகின்றன என்பதிலிருந்து அதைத் தேடலாம். அவை ஒவ்வொன்றும் மனித அனுபவத்தின் ஒரு முழுத் துறையைத் திறக்கின்றன. அந்தத் துறையை வேறு பாடத்தால் திறக்க முடியாது. முறையாகக் கற்பிக்கப்படாவிட்டால் பெரும்பாலோருக்கு அது திறப்பதே இல்லை. இந்த மூன்று இயல்புகளும் சேர்ந்திருக்கும் அறிவு பள்ளியில் கற்பிக்கப்பட வேண்டும். மிதிவண்டி ஓட்டுவதுபோல் தெருவிலேயே கைவரும் திறமைகளுக்கு இவை பொருந்தாது என்பதால் அவற்றுக்குக் கால அட்டவணை தேவைப்படுவதில்லை. இசைக்கு இவை மூன்றும் பொருந்துகின்றனவா என்பதே ஆராயப்பட வேண்டியது. முதல் இரண்டில் பெரிய தடை இல்லை. ஒலியையும் காலத்தையும் ஒழுங்குபடுத்திப் பொருளுடையதாக்கும் செயலுக்கு ஈடாக வேறொரு பாடத்தைச் சுட்டிக்காட்ட இயலாது. மூன்றாவதற்குத்தான் வலுவான மறுப்பு உண்டு. பொழிச்சலூரில் எந்தக் குழந்தையும் திரைப்பாட்டு முழுவதையும் பிழையின்றிப் பாடுகிறதே, அதற்கு எவரும் கற்பிக்கவில்லையே, பின் பள்ளி எதற்கு என்பதே அந்த மறுப்பு.

இதற்கு விடை காண ஒரு தொடக்க இசை வகுப்பை அருகிருந்து கவனித்தால் போதும். அழகாகத் திரைப்பாட்டைப் பாடும் குழந்தையிடம், அந்தப் பாட்டு எந்த ஒலியை நிலைக்களமாகக் கொண்டு எழுகிறதோ அந்த ஆதார சுருதியை மட்டும் பிடித்து நிறுத்தச் சொன்னால் முதலில் அது திகைக்கும். சுருதிப் பெட்டியின் ஒலியை அரை சுரம் மேலே ஏற்றினால் பழைய இடத்திலிருந்தே பாட்டைத் தொடரும், ஏதோ பொருந்தவில்லை என்று உணர்ந்தாலும் எது பொருந்தவில்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது. சில மாதங்கள் சரளி வரிசை பயின்ற பிறகு அதே குழந்தை ஸவையும் பவையும் காதாலேயே கண்டுகொள்கிறது. சரளி வரிசை என்பது ஏழு சுரங்களையும் எளிய கோவைகளாக அடுக்கிய முதற் பயிற்சி. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு கூறும் இம்முறையில் அது மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறது. அந்த ராகத்தின் தேர்வே ஆழ்ந்த கற்பித்தல் தருக்கம் உடையது. ஸவிலிருந்து ரிக்கு அரை சுர இடைவெளி, ரியிலிருந்து கவுக்கு ஒன்றரை சுரம், கவிலிருந்து மவுக்கு மீண்டும் அரை சுரம். பவிலிருந்து மேல் ஸ வரை ஏறும்போதும் அரை, ஒன்றரை, அரை என்ற இதே அமைப்புதான் திரும்புகிறது. கீழ்ப்பாதியில் காதும் குரலும் கற்றதை மேற்பாதியில் அப்படியே மீண்டும் செய்து பார்க்கும் வாய்ப்பு குழந்தைக்குக் கிடைக்கிறது. மிகக் குறுகிய இடைவெளியையும் அகன்ற இடைவெளியையும் அடுத்தடுத்துக் கேட்பதால் வேறுபாடு தெளிவாகப் பதிகிறது. மேலை நாடுகளில் தொடக்கப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளப்படும், சங்கராபரணத்துக்கு இணையான சுர வரிசையில் இந்தச் சமச்சீர் இருந்தாலும் இடைவெளிகளின் முரண் இவ்வளவு கூர்மையாக இல்லை.

தாளத்திலும் இதே நுட்பத்தைக் காணலாம். எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில், அதாவது ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணிக்கையும் பின் தட்டும் வீச்சும் இருமுறையுமாக அமைந்த சுற்றில், முதற் காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு என்று பாட வேண்டும். வேகம் கூடும்போது கையும் தன்னையறியாமல் விரைந்துவிடும்; கை மாறாதிருக்க வாய் மட்டும் இரட்டிப்பது பல வாரப் பயிற்சிக்குப் பின்பே கைகூடும். இதைக் கணக்குப் பாடத்துக்கு உதவும் பயிற்சி என்று புகழ்ந்தால் முன்பு விலக்கிய அதே போலிக் காரணத்துக்கே திரும்பிச் சென்றதாகும். இங்கே குழந்தை அடைவது காலத்தைப் பற்றிய அறிவு. நிலையான ஒன்றின் மீது மாறும் ஒன்றை நிறுத்திப் பார்க்கும் அந்த அனுபவத்தை எழுத்தாலும் எண்ணாலும் விளக்கலாம், தர முடியாது. பாட்டைப் பாடுவது எல்லோருக்கும் இயல்பாக வரலாம். பாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அறிவது கற்பித்தலால் மட்டுமே வரும். மூன்றாவது இயல்பும் இவ்வாறு நிறைவுறுவதால், இசை கற்பிக்கப்பட வேண்டும் என்ற பக்கத்துக்குப் பிழையற்ற ஏது கிடைத்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டின் மேலைச் சிந்தனையாளர் இந்த இடத்தில் இரண்டாகப் பிரிந்து நின்றனர். பென்னட் ரைமர் 1970இல் வெளியிட்ட இசைக்கல்வித் தத்துவ நூலில், இசை என்பது மனித உணர்வின் வடிவத்தை அறியச் செய்யும் கலை, ஆகவே சிறந்த படைப்புகளை நுட்பமாகக் கேட்டு உணரக் கற்பிப்பதே பள்ளியின் முதற் கடமை என்றார். அவருடைய மாணவர் டேவிட் எலியட் 1995இல் எழுதிய நூலில், இசை ஒரு பொருள் இல்லை, மனிதர் செய்யும் செயல், ஆகவே பாடியும் வாசித்தும் புனைந்துமே அதை அறிய முடியும் என்று மறுத்தார். தமிழ் மரபை அறிந்தவருக்கு இந்தப் பிளவு சற்று வியப்பையே தரும். குருவின் எதிரே அமர்ந்து அவர் பாடியதைக் கேட்டு உடனே திருப்பிப் பாடும் பாடாந்தர முறையில் கேட்பதும் செய்வதும் ஒரே மூச்சின் இரு பகுதிகள். பள்ளிக்கு வந்தபோது இந்த ஒருமை சிதைந்து, இராகங்களின் ஆரோகண அவரோகணத்தை ஏட்டில் எழுதி மனப்பாடம் செய்யும் தேர்வுப் பாடமாக இசை சில இடங்களில் சுருங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைத்துறைக்குத் தலைமை வகித்த பி. சாம்பமூர்த்தி இசையைக் கற்பிக்கும் முறை பற்றியே தனி நூல் எழுதியதும், காரைக்குடி வீணை மரபில் வந்த காரைக்குடி எஸ். சுப்ரமணியன் 1989இல் சென்னையில் பிருகத்வனி என்ற அமைப்பைத் தொடங்கி 'காமெட்' என்ற கற்பித்தல் முறையை உருவாக்கியதும், குருகுலத்தின் உயிரை வகுப்பறைக்குள் கொண்டுவர இயலுமா என்ற கேள்விக்கு விடை தேடிய முயற்சிகளாகும்.

யாருக்குக் கற்பிப்பது என்ற கேள்வியில் பழமையை அப்படியே பின்பற்ற இயலாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளைத் தனித்தனியே வகுத்துரைக்கிறது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள் என்ற செய்தியையும் தருகிறது. அத்தனை நுட்பமான கல்வியும் ஒரு குறிப்பிட்ட குலத்துப் பெண்ணை அரசவைக்குத் தகுதியாக்குவதற்காகவே தரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. இதற்கு மாறாக, புதுக்கோட்டை மாவட்டம் குடுமியான்மலையில் பாறை மீது பொறிக்கப்பட்டுள்ள இசைக் கல்வெட்டு நம்பிக்கை தருகிறது. ஏழு பண்வகைகளுக்குரிய சுரக்கோவைகளை வரிசைவரிசையாகக் கொண்ட அந்தக் கல்வெட்டு, உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசனால் மாணாக்கரின் நன்மைக்காகச் செய்யப்பட்டது என்று தானே கூறுகிறது. அந்த அரசன் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. பிற்கால ஆய்வாளர் சிலர் இதை மறுக்கின்றனர். சங்கீர்ணஜாதி என்ற பட்டப்பெயரைத் தாங்கிய அந்த மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்கள் செதுக்கப்பட்ட குடைவரை, பொழிச்சலூருக்கு அண்மையில், பல்லாவரத்தில் உள்ளது. அது இன்று தர்காவாக விளங்குகிறது. கல்வெட்டைச் செய்வித்தவர் யாராயினும், இசைப்பாடத்தைக் கல்லில் வெட்டித் திறந்த வெளியில் வைத்த செயல், அறிவைப் பொதுவில் நிறுத்தும் எண்ணத்துக்குச் சான்றாகிறது.

எந்த இசை என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு எழுப்பப்படும் எந்தத் தத்துவமும் நேர்மையானதாகாது. இசையறிவு என்பது ஒலியையும் காலத்தையும் ஒழுங்குபடுத்தும் அறிவு என்று ஏற்றுக்கொண்டால், கர்நாடக இசைக்கு உள்ள உரிமை பறைக்கும் உண்டு, தேவாரப் பண்ணுக்கும் உண்டு, தவிலுக்கும் உண்டு, தேவாலயப் பாடற்குழுவுக்கும் உண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் இசை என்றும் மற்றவற்றை வெறும் ஓசை என்றும் பிரிப்பதற்கு அந்த ஏதுவில் இடமே இல்லை. பறையின் அடிகளில் உள்ள அடுக்கும் எதிரடுக்கும் தாளம் கற்பிக்க மிகச் சிறந்த கருவி. தன் தெருவின் ஒலியே பாடமாக வரும்போது, இசை தனக்கு உரியது என்று குழந்தை அறிகிறது. இங்கே ஆபிரகாம் பண்டிதரை நினைவுகூர்வது தகும். தஞ்சையில் சித்த மருத்துவராக விளங்கிய அவர் 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். ஒரு தானத்தில், அதாவது ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரையில், 22 சுருதிகள் உண்டு என்ற நிலைபெற்ற கருத்தைச் சிலப்பதிகாரச் சான்றுகளையும் கணக்கையும் கொண்டு மறுத்து, 24 என்று வாதிட்டார். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய மகள்கள் அந்த வாதத்தை இசைத்தே காட்டினர். அவருடைய முடிவை எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் இசையைப் பற்றிய கூற்றுக்குத் திட்டாந்தம் காதுக்குக் கேட்பதாக இருக்க வேண்டும் என்ற அவருடைய அணுகுமுறை, ஒவ்வொரு இசை வகுப்புக்கும் இலக்கணமாகத் தகும்.

இவ்வளவு தருக்கமும் ஒரு பள்ளியின் கால அட்டவணையில் போய்ச் சேர வேண்டுமானால் அதற்குச் சட்ட வழியும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், நூறு மாணவருக்கு மேற்பட்ட நடுநிலை வகுப்புகள் உள்ள பள்ளிகளில் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று தன் அட்டவணையில் விதித்துள்ளது. தமிழ்நாட்டில் 2012இல் பணியமர்த்தப்பட்ட பகுதிநேரச் சிறப்பாசிரியர்களுள் இசையாசிரியரும் அடங்குவர். வாரத்தில் மூன்று அரை நாள் பணியும் சொற்ப ஊதியமும் அவர்களுக்கு விதிக்கப்பட்டன. ஓர் அறிவுத்துறையை நடத்த இது போதாது. எனினும் அடியோடு இல்லாத நிலையிலிருந்து இது ஒரு படி மேல். பாடகரை உருவாக்குவது பள்ளியின் வேலை இல்லை. சுருதியை உணரும் காதும், தாளத்தில் நிற்கும் கையும், கேட்டதைப் பற்றி ஆராய்ந்து பேசும் திறமும் எட்டாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கச் செய்வதே அதன் வேலை. அதற்கு வாரம் இரண்டு வகுப்புகளும், ஒரு சுருதிப் பெட்டியும், சில பறைகளும், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

அதே சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்களாகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பொழிச்சலூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்தக் குழுக்களில் அமரும் பெற்றோர், அடுத்த கூட்டத்தில் பள்ளி வளர்ச்சித் திட்டம் பேசப்படும்போது இசை வகுப்பு எப்போது நடக்கிறது, தேர்வு மாதத்தில் அது யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பேட்டில் பதியச் செய்ய வேண்டும்.